சிலையிடம் கூலி கேட்டவர்

எங்கள் ஊர் மில் முதலாளி என் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு மூன்று வாரக் கூலி பாக்கி வைத்தார். வேலைநிறுத்தம் என்றதும் கேட்டைப் பூட்டிவிட்டார். கூலி உள்ளேயே நின்றுபோனது. தகப்பனார் அந்த மாதமே பட்டினியும் காய்ச்சலுமாகப் போய்ச் சேர்ந்தார். முதலாளி பிற்பாடு ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். அதற்காக நாற்சந்தியில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். என் கிரேனில் சங்கிலி கட்டுகிறவர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் மூன்று கிரேனுக்குச் சொந்தக்காரன். என்னிடமே அதிகம் பேசமாட்டார். ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் சிலைக்கு முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். சின்ன வயதில் அவர் அம்மா பழக்கியது. ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘பாக்கி’.

சிலையை எடுப்பதா, விடுவதா என்று நகரசபையில் கூட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்கள் ஒரு பக்கம், மில்லால் செத்தவர்களின் பிள்ளைகள் ஒரு பக்கம். பிள்ளைகள் கட்சி மாப்பிள்ளையை மேடையேற்றியது.

“எடுக்கக் கூடாது,” என்றார் அவர். “எடுத்துட்டா நான் யாருகிட்ட போய்க் கேக்குறது?”

“யோவ் பாக்கி, கல்லுல நார் உரிச்சவன் உண்டு. நீ வெண்கலத்துல உரிக்கப் போறியா?” என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

எடுப்பதென்று முடிவாயிற்று. ஒப்பந்தம் எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? ஆனால் சிலை சேதமில்லாமல் இறங்க மாப்பிள்ளை போடும் கட்டு வேண்டும். அவரோ சங்கிலியைத் தொட மறுத்தார்.

“அந்தப் பணத்த நான் தர்றேன் மாப்ளே. நூறு மடங்கா தர்றேன்.”

“உங்க காசு எதுக்கு மச்சான்? கடன்பட்டவன் வீட்டுக் காசு வேணும்.”

சிலையை வாங்கிப்போக முதலாளியின் பேத்தி லாரியோடு வந்து நின்றார். யாரிடமும் போய் நின்று பழக்கமில்லாத நான், அந்தம்மாவிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்தார்.

“அவ்வளவு வேணாம்மா,” என்றார் மாப்பிள்ளை. “வாரத்துக்கு ஏழு ரூவா. மூணு வாரம்.”

“வட்டி?”

“எங்கப்பா வட்டிக்கு விடலம்மா. வேலை செஞ்சாரு.”

அந்தம்மாவிடம் சில்லறை இல்லை. மூன்று கிரேன் வைத்திருக்கும் என்னிடமும் இல்லை. டிரைவர்களின் சட்டைப் பைகளைத் துழாவி, அந்தம்மாவின் நோட்டை மாற்றிக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் நின்ற அதே இடத்தில் மாப்பிள்ளை கையை விரித்தார். அந்தம்மா வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக, இருபத்தொன்று வரை அந்தக் கையில் வைத்தார்.