சுவரைப் பார்த்த நாற்காலி

சேவியர் போய்விட்டான்.

காலையில் பல் தேய்க்கும்போது பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் வந்தது. ஹார்ட் அட்டாக். தூக்கத்திலேயே... வாயில் பிரஷ்ஷோடு "யாருப்பா இது, விளையாடாதீங்க" என்று டைப் செய்து, அனுப்பாமல் அழித்தேன்.

தெரியாதவர்களுக்கு: சேவியர் காக்ஸ் டவுன்காரன். ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், பல வருஷம் சேர்ந்து குப்பை கொட்டினோம். டீம் எழுதும் வெப் ஆப்பை கிளவுடில் ஏற்றுவது அவன் வேலை. ஏற்றியதில் குறை சொல்வது என் வேலை. மீதி நேரத்தில் ஊர்வம்பு. யாருக்கு இன்க்ரிமென்ட், யாருக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் எச்.ஆருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

இப்படி ஏற்றுகிற டெப்ளாய்மென்ட் ஒரு விசித்திரம். எல்லோர் லேப்டாப்பிலும் ஆப் சமர்த்தாக ஓடும். கிளவுடுக்கு அனுப்பினால் 'பில்ட் ஃபெயில்ட்' என்று திரை சிவக்கும். உடனே மொத்த ஃப்ளோரும் ஒரே குரலில், தான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்யும்.

வேறு ஆளாக இருந்தால் மெஷின் வரிவரியாக எழுதிவைக்கும் எரர் லாகில் நேராகத் தலையை விடுவான். சேவியர் தன் சுழல் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொள்வான். டிராயரிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கடிப்பான்.

தொட்டவர் பின்னால் வந்து நின்று, என்ன செய்தோம் என்று அவன் முதுகிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அவன் திரும்ப மாட்டான். யார் என்று கேட்கவும் மாட்டான்.

"லாக் படிச்சா அர நாள் ஆவும் மச்சா. தொட்டவன் வாயத் தொறந்தா டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிடும். மூஞ்சியப் பாத்துக்கினே கேட்டா எவன் சொல்வான்?"

சர்ச்சில் முகம் பார்க்காமல் பாவங்களைக் கேட்கும் பாதிரியார் மாதிரி என்பதால் 'ஃபாதர்' என்று பெயர் வைத்தோம். கோபம் வரும். நிஜ ஃபாதர் காதில் விழுந்தால் கொயரிலிருந்து தூக்கிவிடுவார் என்பான். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் பாடியதைக் கேட்டிருக்கிறேன்... அதற்காகவே தூக்கியிருக்கலாம்.

இதில் ஒரே ஒரு ஓட்டை. அந்த முதுகுக்குப் பக்கத்தில்தான் என் சீட்.

என் காதில் எப்போதும் பெரிய ஹெட்ஃபோன் இருக்கும். பாட்டு ஓடாது. அத்தனை பாவசங்கீர்த்தனமும் எனக்கு நேரடி ஒலிபரப்பு. மீட்டிங்கில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்கள்கூட அங்கே பூனை மாதிரி வந்து நின்றிருக்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள்... பெரிய கிளையன்டுக்கு டெமோ. காலையிலேயே பில்ட் விழுந்தது. திரும்ப ஓட்டினாலும் அதே சிவப்பு.

அப்போது கம்பெனியில் ஆட்குறைப்பு நேரம். எங்களில் சிலருக்கு வார்னிங் மெயில் வந்திருந்தது. இன்னொரு தப்பு நடந்தால் நேராக வீட்டுக்குத்தான்.

நாற்காலி திரும்பியது. பின்னால் வந்து நின்றவர் அந்தச் சிலரில் ஒருவர்.

"கிளவுட் செட்டிங்ஸ்ல நோட் வெர்ஷன மாத்திப் பாத்தேன்... பழைய நம்பர் என்னன்னு மறந்துட்டேன்."

ஆப்பைக் கட்டித் தரும் சாஃப்ட்வேர்தான் இந்த நோட். வெர்ஷன் மாறினால் எங்கள் அரதப்பழசான கோடுக்கு ஒத்துக்கொள்ளாது. கம்பெனியின் கஞ்சத்தனத்தால் கிளவுடுக்கு எல்லோருக்கும் ஒரே லாகின். ஆகவே மாற்றியது யார் என்று மெஷின் சொல்லாது. சேவியர் வாயைத் திறந்தால்தான் உண்டு.

"சீட்டுக்குப் போங்க" என்றான், சுவரிடம். கடைசியாகப் பச்சை காட்டிய பில்டின் லாகைத் திறந்தான். மேல் வரிகளிலேயே பழைய வெர்ஷன் நம்பர் இருந்தது. அதைத் திரும்பப் போட்டான். பச்சை. டெமோ ஜோராக ஓடியது.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். நல்ல மனுஷர், கன்னடக்காரர். ஆனால் காலையில் பில்ட் விழுந்ததற்கு மேலிடம் ஒரு பெயர் கேட்கிறது. யார் செய்தது என்றார்.

"நானே சார்" என்றான் சேவியர், கன்னடத்தில். தமிழிலும் அதேதான்.

அவர் நம்பவில்லை. டீம் லீட் போஸ்டுக்கு உன் பெயர்தான் போயிருக்கிறது, யோசித்துச் சொல் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றான். அந்த லீட் போஸ்ட், லாக் எங்கே திறப்பது என்றே தெரியாத ஒரு மகானுபாவருக்குப் போனது.

மேனேஜர் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினான். ஒற்றை விரலால் என் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து தூக்கினான்.

"கேட்டியா?"

"பாட்டு கேட்டுட்டிருந்தேன்."

அதன் ஒயர் எதிலும் சொருகாமல் என் மடியில் கிடந்தது. அதைப் பார்த்தான்.

"நல்ல பாட்டு. அதையே கேளு" என்று ஒரு கடலை மிட்டாய் கொடுத்தான்.

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயம் வயிற்றிலேயே தங்கியது. வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

இன்று மதியம் காக்ஸ் டவுன் போனேன். ஹாலில் பெட்டி. கல்யாணக் கோட்டில் படுத்திருந்தான்... பட்டன் போட முடியாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

சொந்தக்காரர்கள் முகம் பார்க்க வரிசையில் நின்றார்கள். எங்கள் பழைய டீம் ஆள் ஒருவர் அந்த வரிசையில் நிற்காமல் சுற்றிப் போய், தலைமாட்டுக்குப் பின்னால் நின்று, குனிந்து ஏதோ சொன்னார். அவர் நகர்ந்ததும் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அங்கே தனி வரிசையே உருவாகிவிட்டது. மேனேஜரும் நின்றார்.

அவன் மனைவி கிரேஸி என்னிடம், "ஏண்ணா எல்லாரும் பின்னாடி போய் நிக்கிறாங்க?" என்றாள். ஆபீஸ் பழக்கம்மா என்றேன்.

நான் மட்டும் கால்மாட்டிலேயே நின்றுகொண்டேன். பின்னால் போனால் எல்லாம் காதில் விழும்.

வெளியே வந்ததும் ஒருத்தன் விலாவில் இடித்து, அன்றைக்கு டெமோவைக் கவிழ்க்கப் பார்த்தது யார், உனக்குத் தெரியாமல் இருக்காதே என்றான். இன்பாக்ஸிலும் கேட்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா...

பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

போய்ட்டு வா மச்சா.