மனோகரி வெட்டுப்பட்ட கதை

இந்த வாரம் சிவபாலனுக்கு ஒரு கடிதம் வந்தது. அது வந்துவிட்டதால், இரண்டு மாதமாக உங்களிடம் மறைத்த குற்றத்தை இனிச் சொல்லலாம்.

சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊரில் எங்களுக்கொரு தபால்முத்திரை சேர்ப்போர் சங்கம் உண்டு. தமிழர் நாலு பேர், தலைவர் ஹான்ஸ் — ஓய்வுபெற்ற தபால்காரர். தேநீர் இல்லாமல் கூட்டம் நடந்திருக்கிறது. புரோட்டோகோல் என்கிற கூட்டக் குறிப்பு எழுதாமல் நடந்ததில்லை. முதல் விதி: முத்திரையைப் பசையால் ஒட்டுகிறவர் சங்கத்தில் இருக்கமுடியாது.

சிவபாலனுக்கு ஊரே அறிந்த ஒரு பழக்கம். ஊரிலிருந்து ஏரோகிராம் வந்தால் முதலில் முத்திரையை வெட்டுவான். பிறகுதான் வாசிப்பான். ஏரோகிராமில் முத்திரை தாளிலேயே அச்சாகியிருக்கும் அல்லவா? வெட்டினால் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்தே போகும். நாலு சொல்தானே, போகட்டும் என்பது அவன் கட்சி.

அவனுக்குப் பேசியிருந்த பெண் மனோகரியின் கடிதத்தையும் அப்படித்தான் வெட்டினான். அன்றைய கூட்டத்திலேயே அந்தச் சதுரத்தை எனக்குத் தந்து, மாற்றாக இரண்டு சுவிஸ் முத்திரை வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போய்க் கடிதத்தை வாசித்தால், கடைசி வரி: ‘கலியாணத்துக்கு என்ரை முடிவு இதுதான்...’ பிறகு ஓட்டை.

"அண்ணை, அதை ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ" என்றான் போனில்.

"மாறினது மாறினதுதான்" என்றேன்.

கல்நெஞ்சன் என்று நினைக்கிறீர்களா? திருப்பமுடியாது. என் ஆல்பம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. அதில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தேன். தண்ணீரில் ஊறவைத்தால் மை கரையும். வெளியே சொன்னால் சங்கத்தில் என் இடம் போகும். பின்னால் எழுத்து இருந்தது தெரியாதா? தெரியும். பிறர் கடிதத்தை வாசிப்பது தப்பு என்று, வாசிக்காமல் ஒட்டினேன்!

அடுத்த கூட்டத்தில் இரண்டாவது விடயம்: ‘மனோகரி.’

"திரும்பக் கேட்டால் நாளைக்கு ஆர் முத்திரை மாறுவினம்?" என்றார் ஒருவர்.

"அது முத்திரை இல்லை, அவன்ரை சீவியம்" என்றார் மற்றவர்.

சிவபாலன் கடிதத்தின் ஓட்டைக்குள் விரலை விட்டபடி இருந்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. கொப்பியை மேசையில் வைத்தேன்.

ஹான்ஸ் ஒட்டியிருந்த இடத்தைத் தடவினார். முகர்ந்தும் பார்த்தார். "அரிசியா?" என்று ஜெர்மனில் கேட்டார். தலையாட்டினேன். புரோட்டோகோலை மூடிவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெல்லிய தாள்... பின்பக்கமாக எழுத்துத் தெரிந்தது. சிவபாலன் வாசித்தான்.

‘இந்த இடத்தை வெட்டாமல் வாசிச்சால் ஓம். வெட்டியிருந்தால் முத்திரையையே கட்டுங்கோ.’

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

ஹான்ஸுக்கு மொழிபெயர்த்தோம். கடிதத்தையும் கொப்பித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், மிச்சப் பசை இருக்கிறதா என்றார்! என் பையிலிருந்து எடுத்துக்கொடுத்தேன். கொப்பித் தாளோடு சதுரத்தை வெட்டி, ஓட்டையில் தன் கையாலேயே ஒட்டினார். பசை படிந்த விரல்களோடு என்னை எப்படிச் சங்கத்தை விட்டு நீக்குவார்?

ஐவரும் கையெழுத்துப் போட்டு மனோகரிக்கு எழுதினோம்: ‘வெட்டியது உண்மை. வெட்கப்படுவதும் உண்மை. கடிதம் இப்போது முழுசாக இருக்கிறது.’

அதற்குத்தான் இந்த வாரம் பதில். உறையில் முத்திரையே இல்லை. சிவபாலன் அபராதம் கட்டி வாங்கினான். உள்ளே ஒரே சொல்: ‘ஓம்.’

யாழ்ப்பாணத்திலிருந்து முத்திரையில்லாமல் வந்து சேர்ந்த உறை மிக அபூர்வம் என்கிறார் ஹான்ஸ். எங்கள் எல்லோருக்கும் அதன்மேல் கண். சிவபாலன் தரவேமாட்டானாம்.

தன் கத்தரிக்கோலை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாமாம்.