இன்னைக்கும் இருக்கேன்

ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் டெய்லரம்மா போனைத் தூக்குவார். கடைச் சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒற்றை விரலால் பாஸ்போர்ட் எண்ணை அடித்து, பிறந்த தேதியை அடித்து, பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். குடிவரவுத் துறைக் கணக்குக்குள் நுழைய ஆறு இலக்க எண் ஒன்று வர வேண்டும். அது வருகிறவரை அவருக்கு ஊசி மேல் நிற்கிற நிலைதான். எண் வரும். அடிப்பார். திரையில் அவருடைய படம், திருட்டு முழி முழித்துக்கொண்டு, கீழே 'அனுமதி செல்லும்' என்று இரண்டே சொல். சாவியை வாயிலிருந்து எடுத்து, "சரி, இன்னைக்கும் இருக்கேன்" என்று பூட்டிடம் சொல்வார். அதற்குப் பிறகுதான் கடை திறக்கும்.

கடை மாடிப்படிக்கு அடியில். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் நடைபாதையில் நிற்க வேண்டும். கால்சட்டையின் உயரம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், இடுப்பைப் பிடிப்பார், ஆறு மாதம் கழித்து அதே இடுப்பை விடுவார். "சனங்க இளைக்கிறதும் பெருக்கிறதும்தான் நமக்குச் சோறு" என்பார். கழுத்தில் அளவு நாடா, சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசி. ரசீது போடுகிற வழக்கமே கிடையாது. வெட்டுத் துணியில் ஒரு கீற்றை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதியைக் கொடுத்த உடுப்பில் குத்துவார், மறு பாதி வாடிக்கையாளர் கைக்கு. திரும்பி வரும்போது கிழிசல் இரண்டும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். "ஒரு பொருளை வாங்கிட்டு வெறுங்கையா அனுப்புறது தப்புங்க" என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவரிடம் போய், இந்த நாட்டில் தங்குவதற்கு இனிமேல் பாஸ்போர்ட்டில் விசா ஒட்ட மாட்டோம், எல்லாம் கணினியில் ஏறிவிட்டது என்று சொன்னார்கள். பழைய விசாத்தாள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. காலாவதியாகி வெறும் படமாகிவிட்டாலும், தூக்கம் வராதபோது அதன் புடைத்த முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். புதியதைத் தடவ முடியவில்லை. "அது எங்கங்க இருக்கு?" என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டார். கவுன்டரில் இருந்தவர் கையை மேலே காட்டினார். டெய்லரம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். "கரண்டு போனா நான் இருப்பேனா?" என்று அடுத்த கேள்வி. அந்த மனிதர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாராம். இவரோ, துணி வாங்கினவன் பாதிக் கீற்றுகூடத் தராமல் அனுப்பிவிட்டானே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

பயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த ஆறு இலக்க எண் இவருடைய போனுக்கு வருவதில்லை. அக்காவின் போனுக்கு வருகிறது. கணக்குத் தொடங்கிய நாளில் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். "உன் போன் எப்ப பாரு செத்துக் கிடக்கு, என் நம்பரைப் போடு" என்று அக்காதான் போட்டாள். பிறகு ஒரு பிறந்தநாள் விருந்தில், நாலு பேர் நடுவில், அந்த அக்காவே, "நான் கூட்டிட்டு வரலைன்னா இவ இன்னைக்கு எங்க இருந்திருப்பா?" என்று கேட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. டெய்லரம்மா சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவர், அந்த வாரமே வேறு அறை பார்த்துக்கொண்டார்.

பேச்சு நின்றது, எண் நிற்கவில்லை. தினமும் காலையில் இவர் பொத்தானை அழுத்த, அங்கே அக்காவின் போன் 'டிங்' என்று ஒலிக்க, அக்கா அந்த எண்ணை இங்கே தள்ளிவிடுவாள். முன்னால் ஒரு வார்த்தை இருக்காது, பின்னால் ஒரு வார்த்தை இருக்காது. நம்பரை மாற்றிக்கொள்ளலாமே என்று வங்கியில் வேலை செய்யும் வாடிக்கையாளர் ஒருத்தி சொன்னாள். "மாத்தும்போது நடுவுல ஒரு நிமிஷம் நான் எந்த நம்பர்லயும் இல்லாம போயிட்டா?" என்றார் டெய்லரம்மா.

இந்த நிலையில்தான் ஊரில் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. போகாமல் இருக்க முடியாது. போனால் திரும்பி வர விடுவார்களா என்பதுதான் இரவெல்லாம். மகளின் செலவும் கடை வாடகையும் இந்தத் தையல் இயந்திரத்தில்தான் ஓடுகின்றன. திரும்பி வர முடியாவிட்டால் பிழைப்பில் மண். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். திரையில் 'அனுமதி செல்லும்' என்று இருப்பதைப் படம் பிடித்து, அச்செடுத்து, கண்ணாடித்தாள் உறை போட்டு, பழைய விசாவின் மேல் நான்கு மூலையிலும் தையல் போட்டுப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துவிட்டார். தையல் என்னவோ அருமையான தையல்.

விமான நிலையத்தில், போக வர ஒரே டிக்கெட் என்பதால், திரும்பி வரும் உரிமையையும் அங்கேயே பார்த்தார்கள். கவுன்டர்ப் பெண் அந்தப் பக்கத்தை விரித்து, நூலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். "அம்மா, அரசாங்கப் புத்தகத்துல தைக்கக் கூடாது. பிரிச்சு எடுத்துடுங்க. படமும் செல்லாது. போன்ல உள்ள போய் இப்பவே காட்டணும்."

டெய்லரம்மா தையலைப் பிரித்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். எண் வரவில்லை. மறுபடி அழுத்தினார். அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை; வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மற்ற நாளில் அதற்கு முன்பே வாங்கிவிடுகிறவர், தைத்த படம் இருக்கும் தைரியத்தில், இன்றைக்கு எண் தேவைப்படும் என்று நினைக்கவே இல்லை. ஊருக்குப் போவதை அக்காவிடம் சொல்லவும் இல்லை. வீம்பு. பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பேச்சு நின்ற நாளுக்குப் பிறகு முதல் முறையாக அக்காவை அழைத்தார். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. டெய்லரம்மா மறுபடி அழைக்க விரலை வைத்தார்.

"கட் பண்ணது நான்தான். திரும்பிப் பாரு."

கயிற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம், சலவைக்கூடத்துச் சீருடையோடு, இரைக்க இரைக்க அக்கா நின்றாள்.

"நீ இன்னைக்கு ஊருக்குப் போறன்னு உன் பொண்ணு சொன்னா. நீ சொல்லல." வேறு எதுவும் கேட்காமல் போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து எண்ணை வாசித்தாள். டெய்லரம்மா அடித்தார். திருட்டு முழி வந்தது, கீழே இரண்டு சொல்லும் வந்தன. கவுன்டர்ப் பெண் தலையாட்டிப் பெட்டியை எடை மேடையில் வைக்கச் சொன்னாள்.

அக்கா போகவில்லை. கயிற்றுக்கு மேலாகத் தன் போனை நீட்டினாள். "வரும்போது அங்கயும் கேப்பாங்க. நான் டூட்டில இருப்பேன். இதையே கொண்டு போ."

"அப்ப உனக்கு?"

"என்னை யாரு கூப்பிடப் போறா? காலையில நீ ஒருத்திதான் தட்டுவ."

டெய்லரம்மா போனை வாங்கிக்கொண்டார். பெட்டியின் கைப்பிடியில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த துணிக் கீற்றை அவிழ்த்து, ஓரத்தைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை அக்காவின் போனில் சுற்றிக் கட்டினார். இன்றைக்கும் காலரிலிருந்து எடுக்க மறந்திருந்த குண்டூசிகளில் ஒன்றை உருவி, கயிற்றின் மேல் குனிந்து, அக்காவின் தோலில் படாமல் சீருடைக்கு உள்ளே இரண்டு விரலைக் கொடுத்துக்கொண்டு, மறு பாதியைக் குத்தினார்.