இரண்டு ஷிப்ட் பார்த்தவருக்கு ஆப்சென்ட்

கும்மிடிப்பூண்டியில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். படிப்பு பிளஸ் டூதான். அந்த வருஷம்தான் கேட்டில் கார்டு மெஷின் வந்திருந்தது. அதில் பதிவாகும் நேரங்களைக் கம்ப்யூட்டரில் குவெரி என்கிற தேடல் கட்டளை எழுதி எடுத்து, வருகைப் பட்டியல் போடுவேன். ஆட்களிடம் பேசக் கூச்சம். திரையோடு இருப்பது சுலபம்.

ஆடி முடிந்ததும் ஒரு காலையில் ஹெச்.ஆர். மேனேஜர் என் மேஜைக்கே வந்தார்.

"ஏம்மா, ட்ரெய்னி அருள்தாஸ் ஆடி ஞாயிறு எல்லாம் ஆப்சென்ட்னு வருது. மத்தியானம் ட்ரெய்னிங்ளைப் பெர்மனென்ட் ஆக்குற கன்ஃபர்மேஷன் லிஸ்ட்ல கையெழுத்துப் போடணும். பேரை எடுத்துடட்டுமா?"

"குவெரி எர்ரர் இல்லாமதான் ஓடுச்சு சார். ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்."

இந்த மாதிரி நேரத்தில் நான் குவெரியை மேலிருந்து படிக்க மாட்டேன். ஓர் ஆள், ஒரு நாள் என்று சுருக்கிக்கொள்வேன். அருள்தாஸின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மெஷின் பதிவுகளில் தேடினேன். மதியம் உள்ளே வந்த பதிவு இருந்தது. வெளியே போன பதிவு மறுநாள் விடிகாலையில் இருந்தது. ஆள் வந்திருக்கிறார், குவெரிதான் அவரைத் தொலைக்கிறது.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டினேன். வந்த தேதியிலேயே வெளியே போயிருக்கவேண்டும் என்ற 'அதே தேதி' நிபந்தனையை எடுத்ததும் அவர் பெயர் வந்துவிட்டது. இரவு ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் மறுநாள் பதிவைப் பார்க்கவேண்டும், மற்றவர்களுக்கு அதே தேதி போதும் என்பது எல்லோரும் பேசி வைத்த விதி. ஷிப்ட் அட்டவணைப்படி அது சரிதான். அப்படியானால் மதியம் வந்தவர் ஏன் விடிகாலையில் போனார்? அதைத் திரை சொல்லாது. கேன்டீனுக்குப் போனேன்.

"இன்னாக்கா, நீயே வந்துட்ட? அதிசயமா கீது!" என்றார் அருள்தாஸ், டீயோடு.

"ஞாயித்துக்கெழம நைட்டும் இங்கயேவா இருந்த?"

"ஆமாக்கா. ஆடில நம்ம பசங்க பெரியபாளையம் கோயிலுக்குப் போய்க்கினு இருப்பாங்கோ. அவுங்க நைட்ட நான் பாத்துக்குவேன். கிறிஸ்மஸுக்கு எனக்கு அவுங்க. சூப்பர்வைசருக்குத் தெரியும். ஏன்க்கா?"

"உனக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கு."

"அட பேஜாரே! ரெண்டு ஷிப்ட் நின்னு காலு வீங்கிப்போச்சு. நான் லீவா?"

சூப்பர்வைசரிடம் கேட்டேன், அவரும் ஆமாம் என்றார். திரும்பி வந்து, 'அதே தேதி' இருந்த இடத்தில் 'உள்ளே வந்தபின் வரும் முதல் வெளியேற்றம்' என்று மாற்றினேன். சாதாரணப் பகல் ஷிப்ட் ஒருவர், இரவு ஷிப்ட் ஒருவர் என்று, விடை தெரிந்த ஆட்களை வைத்து ஓட்டினேன். அவர்கள் கணக்கு மாறவில்லை. அருள்தாஸுக்கு ஆடி ஞாயிறு எல்லாவற்றிலும் வருகை.

மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். "டபுள் ஷிப்டா? மட்டம் போடுறவன்னுல்ல நெனச்சேன்!" அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார்.

எழுத்துப் பிழை இருந்தால் கம்ப்யூட்டரே கத்திவிடும். நம் யோசனையில் பிழை இருந்தால் அது அமைதியாக ஒரு தப்பான பட்டியலை நீட்டும். அதனால் புதிதாக ஒரு குவெரி எர்ரர் இல்லாமல் ஓடினால், நான் பிரிண்ட் கொடுப்பதற்கு முன் கேன்டீனுக்கு ஒரு நடை போய்விட்டு வருவேன். கூச்சம் இன்னும் இருக்கிறது, இருந்தாலும் போவேன்.