கால் தாழ்ந்த இடம்

என்னுடைய கிரேன் மிகச் சிறியது. சில்லுக்குப் பதிலாக ரப்பர் பட்டைகளில் ஊர்ந்து வரும். இரண்டு பக்கமும் வேலி உரசும் ஒழுங்கைக்குள்ளும் நுழைந்துவிடும். ஆனால் நான்கு இரும்புக் கால்களை விரித்து ஊன்றிய பிறகுதான் அதற்குப் பலம். ஊன்றிய மண் சரியில்லையென்றால் பாரத்தோடு நானும் குப்புறப் போகவேண்டியதுதான். அளவுக்கு மீறித் தூக்கினால் கத்துவதற்கு அதில் ஒரு மணி இருக்கிறது. மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பது அந்த மணிக்குத் தெரியாது.

அதனால் எந்த வளவுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவேன். தூர்த்த கிணறு இருக்கிறதா, கக்கூசுக் குழி எங்கே, பங்கர் வெட்டினீர்களா. வேறு ஊர்களில் கிரேன் ஓட்டுபவர்கள் கடைசிக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காதவன் மடையன். சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு பதுங்கிக்கொள்ளப் பங்கர் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டோம். குற்றிகள் உக்கிய பிறகும் மேலே புல் முளைத்து நல்ல தரையைப் போலவே கிடக்கும்.

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு வீடு. நெடுங்காலம் இராணுவம் ஆட்களைப் போகவிடாமல் வைத்திருந்து, பின்னர் திருப்பிக் கொடுத்த காணி. வயதான கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு மேல்மாடி வேண்டுமாம். அதற்கான இரும்பு பீம்களைப் பின்வளவிலிருந்து ஏற்றவேண்டும். நான் கேட்டதும் ஐயா தூர்த்த கிணற்றைக் காட்டினார், குழியைக் காட்டினார்.

"பங்கர், ஐயா?"

அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி உள்ளே தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார், குரலைத் தாழ்த்தி.

எனக்கு அது பிடிக்கவில்லை. இல்லாத ஒன்றுக்கு ஏன் இரகசியம்? என்றாலும் கம்பியால் குத்திப் பார்த்தபோது செம்மண் இறுகித்தான் கிடந்தது. கால்களுக்குக் கீழே தடித்த பலகைகள் வைத்து, முதல் பீமை ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி நிறுத்தினேன். எப்போதும் அப்படித்தான். ஒரு சாணில் நிறுத்திவிட்டு, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் சரிவராது.

சைகை காட்ட நின்ற என் மச்சான் கத்தினான்.

"இறக்கு, இறக்கு! பின்னங்கால் தாழுது!"

இறக்கிவிட்டுக் குதித்து ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்னங்காலின் பலகை ஒரு பக்கம் சரிந்து மண்ணுக்குள் போயிருந்தது. பயம் தெளிந்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஐயா, உது பங்கர்தானே? நான் கேக்கேக்கை ஏன் இல்லையெண்டனீங்கள்? கிரேன் வீட்டுக்கு மேலை சரிஞ்சிருந்தா உள்ளை நிக்கிற அம்மாவின்ரை கதி என்ன?"

அவர் வந்து அந்தக் காலடியில் குந்தினார். சரிந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கை எண்டு எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது."

பிறகு அவராகவே சொன்னார். மூத்தது பெண்பிள்ளை, அப்போது மூன்று வயது. காய்ச்சலோடு பங்கருக்குள் கிடந்திருக்கிறாள். ஷெல் ஓயாததால் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. உள்ளேயே போய்விட்டாள். வெளியே வந்து ஒரு குழி வெட்டவும் வழியில்லாமல், அங்கேயே அவளை மண்ணிட்டு மூடிவிட்டு, விடியமுன் ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். காணி திரும்பக் கிடைத்தபோது பழைய வீடும் இல்லை, மதிலும் இல்லை, அடையாளம் வைத்த மாமரமும் இல்லை. வெறும் பற்றைக்காடு. வந்த புதிதில் மனைவி மண்வெட்டியோடு வளவெல்லாம் கொத்தித் தேடினாராம். ஒருநாள் மயங்கி விழுந்த பிறகு, இனி அந்தக் கதையே வேண்டாமென்று இவர் நிறுத்திவிட்டார். அதிலிருந்து பங்கர் என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுப்பதில்லை. நான் போய்ச் சந்தையில் விலை கேட்பவன் மாதிரிக் கேட்டிருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன். தேத்தண்ணீர்த் தட்டோடு அம்மா பின்னால் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இதுதானோ?"

"ஓம்" என்றார் ஐயா.

தாழ்ந்த காலோடு கிரேனை நிற்கவிடக்கூடாது. எந்த நேரமும் சரியலாம். "தள்ளி நில்லுங்கோ அம்மா, காலை எடுக்கப் போறன்" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த இரும்புக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதேங்கோ தம்பி. எடுத்தா திரும்பவும் துலைச்சுப்போடுவம்."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயா கல்லுக்கல்லாகத் தூக்கிவந்து பலகையைச் சுற்றி அடுக்கி முடித்த பிறகுதான் அம்மா கையை விட்டார். நான் காலை மெதுவாக மேலே எடுத்தேன். ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. அம்மா அதன் கரையில் குந்தி மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இனி இடம் தெரியும்தானே அம்மா" என்றேன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"இதிலை நிண்டுதான் தம்பி ஒவ்வொரு நாளும் உடுப்புக் காயப்போடுறனான்" என்றார். "இவ்வளவு காலமும் பிள்ளைக்கு மேலை நிண்டிருக்கிறன்."