பன்னிரண்டு தொட்டிக்கு ஒரே கத்தரிக்கோல்

அழுகிய ஆர்க்கிட் இலையைத் தொட்டவர்களுக்குத்தான் அந்த அருவருப்பு தெரியும். பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். விரலை வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்து, உள்ளிருந்து மஞ்சளாக நீர் ஒழுகும். ஊசிப்போன முட்டைக்கோஸ் கூட்டின் நாற்றம்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலையாள தேசத்துக் கரமனையில் இருந்தோம். அடுத்த வீட்டு டீச்சர் நாகர்கோவில்காரி. மகளின் பிரசவத்துக்குப் பம்பாய் கிளம்பியபோது, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த பன்னிரண்டு ஆர்க்கிட் தொட்டிகளை என்னிடம் விட்டுப்போனாள்.

"உங்க சுத்தத்துக்கு ஒரு சீக்கும் அண்டாது, மாமி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுத்தம் என்றால் நான் ராட்சசிதான். சாதம் தொட்ட கை மோர்ப் பாத்திரத்தில் படக்கூடாது. என் கணவர் டம்ளரை உதட்டில் வைத்துவிட்டால் அன்று முழுக்க அவருக்கு அர்ச்சனை.

மழை பிடித்த வாரம் ஒரு செடியின் இலையில் நீர் கோத்தது போலப் புள்ளி வந்தது. மழைதான் காரணம் என்று தீர்மானித்து, எல்லாத் தொட்டிகளையும் கூரைக்கடியில் நெருக்கி வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகலை வெட்டி எறிந்தேன். மறுநாள் பக்கத்துத் தொட்டி. அதையும் வெட்டினேன். பிறகு தினமும் காலையில் கத்தரிக்கோலும் கையுமாக ஒரு சுற்று. குழாய்த் தண்ணீரைத் திட்டினேன், டீச்சர் போட்டிருந்த தேங்காய் மட்டையைத் திட்டினேன். "கொஞ்ச நாள் சும்மா விட்டுப் பாரேன்" என்ற கணவரையும் திட்டினேன். மூன்று செடிகள்தான் மிஞ்சின.

ஒரு செத்த செடியைப் பையில் போட்டுக்கொண்டு விவசாய அதிகாரியிடம் போனேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு செடியை வெட்டிட்டு அடுத்ததைத் தொடும்முன்னே கத்தரிக்கோலைத் தீயில காட்டியோ?"

"துணியால தொடச்சேனே."

"ஒரே துணியோ? அப்போ நோயைச் சுமந்துண்டு நடந்தது மாமியாக்கும்."

ஒவ்வொரு செடிக்கும் கத்தரிக்கோலைத் தீயில் காட்டணும், வெட்டின இடத்தில் லவங்கப்பட்டைப் பொடி தடவணும், காலையில் மட்டும் தண்ணீர் விடணும், குருத்தில் ஈரம் தேங்கக்கூடாது, தொட்டிகளுக்கு நடுவே காற்று போகணும் என்று வரிசையாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பஸ்ஸில் என் வலது கையை மடியில் படாமல் தள்ளியே வைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்களின் எச்சிலுக்கு முகம் சுளித்த நான், ஒரு செடியின் சீழை எடுத்து அடுத்த செடிக்கு ஊட்டியிருக்கிறேன். அதுவும் தினமும், குளித்துவிட்டு வந்து.

அவர் சொன்னபடி செய்ததில் அந்த மூன்றும் பிழைத்தன.

டீச்சர் திரும்பி வந்த அன்றே, மழையின் மேல் பழி போடாமல், நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் காலித் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மிஞ்சியவற்றையாவது அவள் வீட்டில் வைத்துவிடலாம் என்று நான் குனிந்தேன்.

"நீங்க தொடாண்டாம், மாமி" என்றாள், கோபமே இல்லாமல். "நானே எடுத்துக்கிடுதேன்."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வழிவிட்டேன்.