செல்வி கொண்டுவந்த தண்ணீர்

பிள்ளைகளே, நான் சங்கரன்கோவிலில் தறி நெய்கிறவன். போன சித்திரையில் என் ஒன்றரை வயது மகனுக்கு லேசாகக் காய்ச்சல் கண்டது. கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, வேர்த்தால் இறங்கிவிடும் என்று கனத்த போர்வையால் சுற்றினேன். சளி கட்டும் என்று தண்ணீரையும் நிறுத்திவிட்டேன்.

ஆறு வயது மகள் செல்வி செம்போடு வந்தாள். "எப்பா, தம்பி நாக்கு காஞ்சு கெடக்கு. ஒரு மடக்கு குடுக்கட்டா?"

"ஏட்டி, நீ பெரிய டாக்டரோ? அங்கன போ!" என்று கத்தினேன்.

மறுநாள் மத்தியானம் பிள்ளை அழுதான், கண்ணீர் வரவில்லை. பிறகு அழவும் இல்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் போர்வையை உருவி எறிந்தார். "லேசான காய்ச்சல்தான் வே. தண்ணி குடுக்காம இவன இப்பிடி ஆக்கிட்டீரு. பொழைப்பானான்னு சொல்ல முடியல."

நூல் அறுந்துவிடக் கூடாதென்று தறியில் கட்டிய பாவு நூலுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கிற கை இது. மகன் பிழைப்பான் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை.

ஊசி வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தான். இப்போது வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போர்வையைத் தொடுவதில்லை. மெல்லிய சட்டை போட்டு, ஆறவைத்த தண்ணீரை அடிக்கடி புகட்டுகிறேன். பிள்ளை சோர்ந்தால் உடனே டாக்டரிடம் போகிறேன். ஆனால் செல்வி, தனக்குத் தாகம் எடுத்தால்கூட, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செம்பை எடுக்கிறாள்.